கரண்ட் போன பிறகு

பீளமேட்டில் மூடிக்கிடக்கும் நூற்பாலைக் கிடங்குக்குள் மாலை வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்குகிறது. ஹாரிகா மிக்ஸரின் குமிழைத் திருகத் திருக, இரும்பை மழையில் இழுத்துப் போவது போன்ற ஓர் ஓசை ஸ்பீக்கர்களில் புரள்கிறது. வந்தவர்கள் கண்மூடிக் கேட்கிறார்கள். மகள் ஹாரிகாவின் டிஜே நிகழ்ச்சிக்கு முதன்முறையாக வந்திருக்கும் ராமாமணி மட்டும் முன்வரிசையில் கண்ணை அகல விரித்தபடி இருக்கிறாள். "பாட்டு எப்ப கண்ணு ஆரம்பிக்கும்?" என்று மேசையருகே வந்து இரண்டு முறை கேட்டாயிற்று. சட்டென்று ஓசை அறுகிறது. மிக்ஸரின் பச்சை விளக்குகள் அணைகின்றன. ஸ்டாண்டு ஃபேன் சுழன்று ஓய, படபடத்துக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானை மடியில் விழுகிறது. ஹாரிகா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்க்கிறாள். ஆனால் ஒருவரும் அசையவில்லை. இந்த அமைதியும் இசையில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள் போலும். கூரையில் புறாக்கள் குனுகுகின்றன. சூடாறும் தகரம் எங்கோ 'டக்'கென்கிறது. உயிரில்லாத குமிழை அவள் மெல்லத் திருகுகிறாள். அம்மா நின்றுபோன ஃபேனைப் பார்க்கிறாள், பிறகு மகளின் விரல்களை.

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்கிறார்.

"சித்த பேசாம இருங்க," என்று அடிக்குரலில் அதட்டுகிறாள் அம்மா. "பாட்டு ஓடுதுங்க."