கோட்டுக்கு ஒரு விரல் வெளியே

முதலாளி மகனை ஜெயிப்பதா, அவனிடம் தோற்பதா என்று முடிவு செய்ய முடியாமல் சுபஹான் பாய் டென்னிஸ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றார்.

நான் எங்கள் புறவாசல் சுவரோரம் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கிளப் மைதானம். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஊரே பார்த்தது.

பாய் அந்தக் கிளப்பின் மார்க்கர். அதாவது, சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். மெம்பர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார், அவர்களோடு ஆடுவார், தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுப்பார், சுண்ணாம்புக் கோடும் போடுவார். நம் கரிசலில் ஆடினால் பந்து வெடிப்புக்குள் போய்விடும் என்று கயத்தாறு பக்கமிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.

வெள்ளைக்காரன் கிளப்பை விட்டுவிட்டுப் போனானே, அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து வந்தவர் பாய். சீமைக்கு ஆடப் போனவர்களெல்லாம் கப்பலேறும் முன்னால் இவரோடுதான் ஆடிப் பழகினார்கள் என்று அவர் வீட்டுக்காரி சைத்தூன் பீவி சொல்வாள். பிறகு இவர் ஏன் கப்பலேறவில்லை என்று கேட்டேன். கூலி வாங்கி ஆடுகிறவனைப் போட்டியில் சேர்க்க மாட்டார்களாம்.

நல்ல சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால், இங்கே அவர் ஒருத்தரையும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. தாசில்தார் ஜெயித்தார். பல் டாக்டர் ஜெயித்தார். நடந்தாலே மூச்சு வாங்குகிற சப்-ரிஜிஸ்திரார்கூட ஜெயித்துவிட்டு, மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு எங்கள் தெரு வழியாகவே சுற்றிப் போனார்.

மெம்பரிடம் மார்க்கர் தோற்க வேண்டும் என்பது கிளப்பில் எழுதாத சட்டம். அது எனக்கும் தெரியும். ஆனால் தோற்கிறவர்கள் எல்லாருமே வேண்டுமென்றுதான் தோற்றேன் என்று சொல்லிக்கொள்ளலாமே.

கிளப் தலைவர் வேணுகோபால், ஜின்னிங் பாக்டரி முதலாளி. அவர் மகன் மாயகிருஷ்ணனுக்கும் பாய்தான் வாத்தியார். பையன் தினமும் வாத்தியாரை ஜெயித்தான். மெட்ராஸ் மார்க்கரையே ஜெயிக்கிற பிள்ளை என்று முதலாளிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மாலை போட்டு மதுரைப் போட்டிக்கு ரயிலேற்றினார்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு காலேஜ் பையன் அவனை ஒரு கேம்கூட எடுக்கவிடாமல் திருப்பி அனுப்பினான்.

வாத்தியார் இத்தனை நாளும் ஏமாற்றினாரா, இல்லை வாத்தியாருக்கே ஒன்றும் தெரியாதா? இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும் என்று முதலாளி மெம்பர்களுக்கு நாற்காலி போட்டு, பாயையும் மகனையும் நிஜமாக ஆடச் சொல்லிவிட்டார்.

காலையில் கிணற்றடியில் சைத்தூன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெயிச்சா ஏமாத்துக்காரம்பாவ. தோத்தா ஒண்ணுந் தெரியாதவம்பாவ. ரெண்டுலயும் வேல போயிரும். இருக்க வீடுங் கிளப்பு வீடு. புள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்கக்கா போவேன்?"

"போறதுதான் போறாவ, ஜெயிச்சுட்டுப் போகச் சொல்லு ஏட்டி" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது பாய் பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, தூக்கிப் போட்டு அடித்தார்.

ஓடினார். வழுக்கி விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எல்லாம் கச்சிதமாகச் செய்துவிட்டு, கடைசி அடியில் பந்தை வெளியே போட்டார். மறுபடியும் வெளியே. மறுபடியும்.

உரலுக்குக் கீழே நின்ற பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "யாரு ஜெயிக்கா? எனக்குஞ் சொல்லேன்."

"பாய் பந்தக் கோட்டத் தாண்டித் தாண்டி அடிக்காவ."

"கண்ணு தெரியலையோ என்னமோ."

"சீமைக்குப் போனவுகளுக்குச் சொல்லிக்குடுத்த கண்ணுல்லா. நம்மூரு சுண்ணாம்பு அதுக்குத் தெரியாது."

பையன் ஜெயித்தான். மட்டையை மேலே வீசிப் பிடித்தான். மதுரையில் தொங்கிப்போன தலை நிமிர்ந்துவிட்டது.

"இவன்கிட்டப் படிச்சா எம்புள்ள எப்பிடிய்யா ஜெயிப்பான்?" என்றார் முதலாளி. மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மெம்பர்கள் தலையாட்டினார்கள். அவரவர் ஜெயித்த ஆட்டமெல்லாம் பத்திரமாக இருந்ததில் சப்-ரிஜிஸ்திரார் முகத்தில்தான் எத்தனை நிம்மதி.

எல்லாரும் போனார்கள். நான் இறங்கவில்லை.

பாய் மத்தியானம் தண்ணீர் தெளித்து உருட்டிய தரை. பந்து விழுந்த தடமெல்லாம் பதிந்திருந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொன்றும் தெரிந்தது. மைதானத்துக்குள்ளே கம்பு விதைத்த மாதிரி சிதறிக் கிடந்தன.

எங்கள் சுவர்ப்பக்கத்து மூலையில் மட்டும் அப்படி இல்லை.

அங்கே பாய் வெளியே அடித்த பந்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் விழுந்திருந்தன. கோட்டுக்கு ஒரு விரல் வெளியே. ஒரு சுளகைக் கவிழ்த்தால் அத்தனை தடத்தையும் மூடிவிடலாம்.

பாய் ஆட்டம் முடிந்ததும் தடம் அழிக்கிற ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு அந்த மூலைக்கு வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஜெயிச்சிருக்கலாமே பாய்" என்றேன்.

"ஜெயிச்ச மார்க்கர எந்தக் கிளப்புலக்கா சேப்பாவ?"

சொல்லிவிட்டுச் சாக்கை அந்தத் தடங்களின்மேல் போட்டு இழுத்தார்.