நாஷனாலிட்டி மாப்பிள்ளை

சூசை நீட்டிய தட்டிலிருந்து லட்டை எடுக்க நெல்சனுக்குக் கை கூசியது. "போன்ழூர், முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் குழைந்துகொண்டே, பெண்ணைப் பெற்ற அந்த மனிதர் மறுபடியும் நீட்டினார்.

நெல்லித்தோப்பு வீட்டுக் கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். பாரீசில் பிறந்து வளர்ந்த அவன் முகத்தில் அவர்கள் பார்த்ததெல்லாம் பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத்தான்.

விசா எத்தனை மாசத்தில் வரும் என்றார் பெண்ணின் பெரியப்பா. பெண்ணின் அண்ணன் சோபாவின் கைப்பிடியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, தங்கச்சி போனதும் என்னையும் இழுத்துக்கோ. அங்க தட்டு கழுவக்கூட நான் ரெடி."

நெல்சன் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். வாசலுக்கு வெளியே பிரெஞ்சுக்காரன், உள்ளே வந்தால் தமிழன் என்று வளர்ந்தவன் அவன். இந்த இளிப்பு மட்டும் எந்தப் பக்கத்திலும் சேரவில்லை. கல்யாணம் என்று பெயர் வைத்து நடத்தும் வியாபாரம். அங்கே நண்பர்களிடம் சொன்னால் காறித் துப்புவார்கள்.

சம்பந்தி ஏன் வரவில்லை என்று சூசை விசாரித்தார். அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்றாள் அவன் அம்மா ரோசா. பிரான்சில் இருந்தாலும் தங்களுடையது சுத்தத் தமிழ்க் குடும்பம் என்று அளக்கவும் ஆரம்பித்தாள்.

"இவங்கப்பா வெளியாள் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாரு. எல்லாத்துக்கும் வீட்டு மனுஷங்கதான் வேணும். அதான் நம்ம ஊர்ப் பொண்ணாப் பாக்குறோம்."

நெல்சன் எழுந்தான். பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும் என்றான்.

மொட்டை மாடியில் பிரிஸ்கில்லா அவனை நேராகப் பார்த்தாள்.

"கீழ நடக்குறது எனக்கே அசிங்கமா இருக்குங்க. எனக்குப் பிரான்சும் வேணாம், பாஸ்போர்ட்டும் வேணாம். மூலக்குளம் ஸ்கூல்ல டீச்சர் வேல இருக்கு. என்னை எனக்காகப் புடிச்சிருந்தா சொல்லுங்க. இல்லன்னா இப்பவே எறங்கிப் போயிடலாம்."

இத்தனை பேரில் இவள் ஒருத்திதான் மனுஷி. இவளிடம் கேட்கலாம். பாரீசில் விமானம் ஏறும்போதே அவன் மனதில் வைத்திருந்த ஒரே கேள்வி அது.

நெல்சன் நெருங்கி வந்தான். குரலைத் தாழ்த்தினான். பிரிஸ்கில்லாவின் பார்வை மெல்லத் தாழ்ந்தது.

"படுக்கையில இருக்குற எங்கப்பாவுக்கு டயப்பர் மாத்துவீங்கல்ல?"