மூலப்பத்திரத்தில் இல்லாத நிபந்தனை

கோவில்பட்டி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தர் நந்தகோபாலிடம் நிபந்தனைகளை அடுக்கினார் தீப்பெட்டி ஆலை முதலாளி கனகவேல்.

“வீடு என் மகன் ஹரிஹரசுதனுக்கு. ஆனா, அவன் கடைசி வரைக்கும் என்னைக் கூடவே வச்சுக்கிடணும். ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறி கட்டாயம். முதியோர் இல்லத்துல விட்டான்னா இந்தத் தானப்பத்திரம் ரத்துன்னு போடுங்க.”

“பிள்ளை மேல அவ்வளவு சந்தேகமா, அண்ணாச்சி?”

“எல்லாம் ஒரு முன்ஜாக்கிரதைதான்.”

நந்தகோபால் அந்த வீட்டின் மூலப்பத்திரத்தைப் புரட்டினார். “இதே வீட்டை உங்களுக்கு எழுதிக் குடுத்தப்ப, உங்க அப்பா இப்படி ஒரு நிபந்தனையும் போடலியே?”

“போடலை. அதான் அவிய இப்ப கழுகுமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருக்காவ. நீங்க ஒண்ணு விடாம எழுதுங்க.”