எச்.டி.யில் தெரிந்த முகம்

டிவிக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் டெக்னீஷியன், ஒரே செய்திச் சேனலைச் சாதாரணமாகவும் எச்.டி.யிலும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். சாயங்கால வெயில் டிவியில் அடிக்காமலிருக்க அம்மா ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுகிறாள். வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் அந்தச் சேனலில்தான் செய்தி வாசிக்கிறாள். அப்பா அவளோடு பேசி ஆறு மாதமாகிறது. ஆனாலும் அவள் வாசிக்கும் நேரத்தில் பேப்பரும் கையுமாக டிவிக்கு எதிரே உள்ள நாற்காலியில்தான் இருப்பார். "சாதாரணமே போதும்ல? நீங்கதான் பாக்கறதே இல்லையே," என்று அம்மா வேண்டுமென்றே சீண்டுகிறாள். "நான் எங்க பாக்கறேன்? காதுல விழுது, அவ்வளவுதான்," என்கிறார் அப்பா, பேப்பருக்குள்ளிருந்து. அதற்குள் மகள் வணக்கம் சொல்லித் தலைப்புச் செய்திகளைத் தொடங்குகிறாள். படம் எச்.டி.யில் நிற்கிறது. இத்தனை நாள் பளிச்சென்றிருந்த முகத்தில், பூசிய பவுடரையும் மீறிக் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிகிறது. அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் பேப்பர் அப்பாவின் மடிக்கு வந்துவிட்டிருக்கிறது. "எதை வைக்கட்டும் சார்?" என்று டெக்னீஷியன் கேட்கிறார். "இதையே வைப்பா." அப்பாவின் பார்வை டிவியை விட்டு அகலவில்லை. "இவ ராத்திரியில தூங்குறாளா இல்லையா? வாசிச்சு முடிச்சதும் ஃபோனைப் போட்டு எங்கிட்ட குடு."