காயாத கோரை

களைக்கொல்லியால் கெட்டுப்போன மண்ணைத் தன் வேருக்குள் வாழும் பாக்டீரியாவைக் கொண்டு சுத்தம் செய்யும் கோரையை, இன்று அமைச்சர் நாட்டுக்கு அறிமுகப்படுத்துகிறார். புல் மண்டிக் கிடந்தால் மரியாதையாக இருக்காது என்று பண்ணை மேற்பார்வையாளர் தணிகாசலம் போன வாரமே வளாகம் முழுக்கக் களைக்கொல்லி அடிக்கச் செய்தார். ஆராய்ச்சிப் பாத்தியும் தப்பவில்லை. எல்லாம் கருகிவிட்டது, கோரை மட்டும் பச்சையாக நின்றது. அதை வளர்த்த ஆய்வாளர் எழில்மதியால் சந்தோஷத்தில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“பாருங்க சார், சாகல! பாக்டீரியா மருந்தையே தின்னுருச்சு!”

“அட போம்மா. கடைக்காரன் டூப்ளிகேட் மருந்தை நம்ம தலையில கட்டிட்டான். வெட்டி எறிய ஆள் சொல்லியிருக்கேன்.”

“இதைப் பாக்கத்தானே சார் அமைச்சரே வர்றாரு?”

“அவரு பாக்கறதுக்குத் தெர்மாகோல்ல ஆளுயரத்துக்குச் செஞ்சு, பச்சை பெயின்ட்டும் அடிச்சாச்சு. மேடையில நிக்குது, பாக்கலையா?”

வாசலில் சைரன் கேட்டது. மண்வெட்டியோடு இருவர் பாத்தியில் இறங்கினார்கள். எழில்மதி பட்டுப்புடவையோடு கோரைக்கு நடுவே சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“எந்திரிம்மா! போட்டோவுல நீ தெரிவே!”

“தெரியட்டும் சார்.”