கியர் கழற்றிய சைக்கிள்

“அதைப் பின்பக்கம் தூக்கிட்டுப் போடா! அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா நம்ம மானமே போயிடும்.”

முருகானந்தம் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. செந்தமிழன் கையிலிருந்த துணியால் அதை அவசரமாகத் துடைத்து, வாசலோர மாடிப்படியின் கீழே சாய்த்துவிட்டு, கை கழுவ உள்ளே ஓடினான்.

அது ஒரு சைக்கிள். முருகானந்தத்தின் தம்பி ஜெர்மனியில் வேலை பார்த்தபோது கப்பலில் அனுப்பிய, பத்து கியர் வைத்த ரேஸ் சைக்கிள். ஸ்ரீரங்கத்தில் அந்தத் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இருந்ததில்லை. தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற முருகானந்தம் இன்றைக்கும் வீட்டுக்கு வழி சொல்லும்போது, “கியர் சைக்கிள் வீடுன்னு கேளுங்க” என்றுதான் சொல்வார்.

அந்தக் கியர்களை எல்லாம் மகன் செந்தமிழன் போன மாதம் கழற்றிவிட்டான். லீவர் இல்லை, கேபிள் இல்லை. பின்சக்கரத்தில் ஒரே ஒரு பல்சக்கரம். வண்டி ஓடும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்த முடியாது.

“இப்படி ஓட்டறதுதான்பா சுகம். வண்டியும் நம்ம காலும் ஒண்ணாயிடும்” என்று காலையில்கூடச் சொல்லிப் பார்த்தான்.

“பாக்கறவன் என்னடா நினைப்பான்? கியரைக் கழட்டி வித்துச் சாப்பிடற நிலைமைக்கு வந்துட்டாங்கன்னு நினைப்பான்.”

ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. இந்த உறையூர்ச் சம்பந்தமாவது கூடிவர வேண்டும் என்று அவர் மனைவி அற்புதம்மாள் பெண்ணின் போட்டோவைச் சாமி படத்துக்குக் கீழேயே வைத்திருந்தாள். போட்டோவைப் பார்க்க மகன் சாமி படத்துப் பக்கம் அடிக்கடி போய் வந்ததையும் அவள் கவனித்திருந்தாள்.

“வாங்க, வாங்க. வழி சுலபமா கிடைச்சுதா?”

பெண்ணின் அப்பா மருதையும் அவர் மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கத் தானும் வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்த பெண் இளவேனில், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் மாடிப்படியின் கீழே குனிந்தாள். சீட்டைப் பிடித்துத் தூக்கி, பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினாள். பெடலும் கூடவே சுழன்றது. செயினைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

முருகானந்தத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டு நிலவரத்தை நோட்டம் விடுகிறாள்!

“கியர் சைக்கிள் வீடுன்னு சொன்னீங்க. கியரையே காணோமே சார்?” என்று மருதை சிரித்தார்.

“ஐயையோ, நம்ம சைக்கிள் உள்ள பத்திரமா இருக்குங்க. இது மாடியில குடியிருக்கற பையனோடது.”

மாடி அறையில் பழைய பாத்திரங்களைத் தவிர வேறு யாரும் குடியிருக்கவில்லை. செந்தமிழன் வாயைத் திறந்தான். அப்பாவின் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டான்.

“அவரே பண்ணினதா?” என்று கேட்டாள் இளவேனில்.

“ஆமாம்மா. தனியா இருக்கற பையன். ஞாயித்துக்கிழமை ஆனா எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவான்.”

கேசரி வந்தது, காபி வந்தது. முருகானந்தத்தால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து வாசற்கதவைச் சாத்தினார். புழுக்கமாக இருக்கிறது என்று மருதையின் மனைவி சொன்னதும் திறந்தார். திறந்தால் சைக்கிள் தெரிந்தது. பாதி சாத்தினார். அப்போதும் முன்சக்கரம் தெரிந்தது.

“என்னங்க, ஒரு இடமா உக்காருங்களேன்” என்று அற்புதம்மாள் பல்லைக் கடித்தாள்.

இளவேனில் செந்தமிழனைப் பார்த்தாள். “நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?”

அவன் முகம் மலர்ந்தது. முருகானந்தம் பலமாக இருமினார்.

“இல்லைங்க... கார்தான்.”

“மாடியில இருக்கறவர் வண்டியை ஒரு தடவைகூட ஓட்டிப் பாத்ததில்லையா?”

“அவனுக்கு என்னத்துக்கும்மா அந்தக் கஷ்டம்?” முருகானந்தம் முந்திக்கொண்டார். “போன வருஷம்தான் புதுக் கார் எடுத்தான். தெருமுனைக்குப் போறதுன்னாலும் அதுலதான்.”

“ஓ” என்றாள் இளவேனில். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

கார் என்றதும் பேச்சு அடங்கிவிட்டதில் முருகானந்தத்துக்கு முதல்முறையாக மூச்சு சீரானது. குடும்பத்தின் மதிப்பு அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“கலந்துக்கிட்டுச் சொல்றோம் சார். போயிட்டு வரோம்.”

மூவரும் ஏறினார்கள். ஆனால் கார் கிளம்பவில்லை. உள்ளே பெண் ஏதோ சொல்ல, தாய் தலையில் கை வைக்க, மருதை மறுத்து மறுத்துத் தலையாட்டுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

“என்னங்க பேசறாங்க? இதுவும் போயிடுமா?” என்றாள் அற்புதம்மாள்.

“சும்மா இரு. இங்கேயே முடிவு பண்றாங்க.”

கார்க் கதவு திறந்தது. மருதை மட்டும் இறங்கி வந்தார். முருகானந்தம் தோள் துண்டைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“வாங்க. நல்ல சேதிதானே?”

மருதை நெளிந்தார். செந்தமிழனைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த மாடி வீட்டுத் தம்பிக்குப் பொண்ணு பாக்கறாங்களா?”