மூன்றாவது வாஷர்

மெக்கானிக் காசி வேங்கிக்கால் பட்டறை வாசலில் குந்தியபடி விழிக்கிறார். ஃபோர் வீல் டிரைவ் லாரியின் முன்சக்கரம் இரண்டிலும் பேரிங்குக்கு கிரீஸ் அப்பி, நட்டு கழலாமலிருக்கப் புது வாஷர் போட்டு, ஹப்பை மூடியாகிவிட்டது. பழைய வாஷர் இரண்டுதான் மிஞ்ச வேண்டும். சாக்கின்மேல் மூன்று கிடக்கின்றன. கைப்பழக்கத்தில் பழசையும் டீசலில் கழுவித் தொலைத்ததால் மூன்றும் வெயிலில் ஒன்றுபோல மின்னுகின்றன. எந்தச் சக்கரத்தில் புதுசைப் போடாமல் மூடினோம்? ஜாக்கியில் நின்றபோது இரண்டும் சத்தமில்லாமல்தான் சுற்றின. வண்டிக்காரி கவியா முன்டயர் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறாள். "எடுக்கலாமாண்ணே? இருட்டறதுக்குள்ள ஜவ்வாது மலை ஏறணும்." காசி மறுபடி எண்ணுகிறார். மூன்றேதான். எழுந்துபோய் இரண்டு பழங்களையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "ஜாக்கிய எங்கம்மா வெச்சேன்?"